தீவு தெரிஞ்சுதுங்களா?

கோபாலசாமி அங்கிளின் வேனில் ஒரே ஒரு வார்த்தைக்குத் தடை. முறுக்கு கொறிக்கலாம், தைலம் தேய்த்துக்கொள்ளலாம், சகஸ்ரநாமம் சொல்லலாம், மருமகளைப் பற்றிப் புகார்கூடச் சொல்லலாம். ‘பரவாயில்லை’ என்று மட்டும் சொல்லக்கூடாது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, குபெர்டினோ நூலகத்தின் பார்க்கிங்கில் பதினாலு பேரை ஏற்றிக்கொண்டதும் அவர் பின்னால் திரும்பி இதைச் சொல்லிவிடுவார். “பாத்ரூம் போகோணுமா, குளிருதா, கால் வலிக்குதான்னு நான் கேப்பேனுங்க. பரவால்லீங்கன்னு சொல்லாதீங்க. பரவா இருந்தா, பரவா இருக்குதுங்கன்னு சொல்லிப்போடோணும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். ஐம்பது மைல் தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கி வரும். “சார், கொஞ்சம் பரவா இருக்கு.” அடுத்த எக்ஸிட்டில் வேன் இறங்கிவிடும்.

ஏறுகிறவர்கள் எல்லாம் எங்களைப் போன்றவர்களின் அப்பா அம்மாக்கள். ஆறு மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள். பேரனைப் பள்ளியில் கொண்டுவிட்டு, டிஷ்வாஷரில் தட்டைத் தப்பாக அடுக்கித் திட்டு வாங்கி, மீதி நேரம் ஆளே இல்லாத தெருவை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். எங்களுக்கு வார நாளில் மீட்டிங். சனி ஞாயிறில் சாக்கர், பரதநாட்டியம், காஸ்ட்கோ. பெற்றவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையையும் வெளியே கொடுத்துவிட்டோம். நானும்தான் கொடுத்தேன். என் பெயர் ஹம்சா. பெரிய கம்பெனியில் ப்ரோக்ராம் மேனேஜர். யார் எதை எப்போது முடிக்கவேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வது என் பிழைப்பு.

வேன் போகிற இடம் பாயின்ட் ரேய்ஸ். கோல்டன் கேட் பாலம் தாண்டி, ஃப்ரீவேயை விட்டு இறங்கி, வளைந்து வளைந்து போகிற ரோட்டில் மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல். வழியில் சைப்ரஸ் மரங்கள் கூரை போட்ட ஒரு பாதை, அங்கே ஃபோட்டோ. அப்புறம் பெரிய கொம்பு வைத்த எல்க் மான்கள். அப்புறம் மணலில் மூட்டை மூட்டையாகக் கிடந்து உறுமுகிற கடல் சீல்கள். கடைசியில் நிலம் முடிகிற இடத்தில் ஒரு லைட்ஹவுஸ். அங்கே அடிக்கிற காற்றில் மரங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து போயிருக்கும். மலை உச்சியிலிருந்து முந்நூற்றுப் பதிமூன்று படி கீழே இறங்கினால்தான் விளக்கு. காற்று பலமானால் படியை மூடிவிடுவார்கள். செல்ஃபோன் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் கூப்பிட்டு “என்ன பண்றீங்க, எப்ப வருவீங்க” என்று கேட்க முடியாத இடம் என்பதாலேயே பெரியவர்களுக்கு அது பிடித்துப்போனது என்று நினைக்கிறேன்.

படி ஆரம்பிக்கிற இடத்தில் நின்று தெற்கே பார்த்தால், பனி இல்லாத நாளில் ஃபாரலோன் தீவுகள் தெரியும். இருபது மைலுக்கு அப்பால், கடலுக்கு நடுவில், உடைந்த பல் மாதிரி நாலைந்து பாறைகள். ஆராய்ச்சிக்காரர்கள் சிலரைத் தவிர யாரும் அங்கே இறங்க முடியாது. பறவைகளுக்கென்று விட்டுவிட்ட இடம். பாதி நாள் பனி மூடி, தீவு இருப்பதே தெரியாது. அதனால் தெரிகிற நாளில் வேனில் வந்தவர்களுக்குச் சந்நிதியில் திரை விலகிய மாதிரி ஆகிவிடும். சிலர் கும்பிட்டே விடுவார்களாம்.

அந்தத் தீவை ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர் கோபாலசாமி அங்கிளின் மனைவி கண்மணி ஆன்ட்டி. இது அவரைப் பற்றியதுதான். ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலும் நடுவில் வேறு யாராவது வந்து நின்றுவிடுவார்கள். அவர் வாழ்ந்ததே அப்படித்தான்.

உடுமலைப்பேட்டைக்குப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். அங்கிளுக்குச் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. ஐம்பத்து நாலு வயதில் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. இண்டர்வியூக்குப் போன இடத்தில் மகள் வயசுப் பெண்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பிறகு தகவல் சொல்வதாகச் சொன்னார்கள். யாரும் சொல்லவில்லை. வீட்டில் சும்மா இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா அம்மாவைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அது நாலு பேருக்குத் தெரிந்து, லைசென்ஸ் எடுத்து, அனுமதி வாங்கி, வெள்ளை வேன் வந்து, சனிக்கிழமைதோறும் என்று ஆகிவிட்டது.

பதினாலு பேருக்கும் சாப்பாடு கண்மணி ஆன்ட்டி. எலுமிச்சை சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தனியாகப் பொட்டலத்தில் மோர் மிளகாய். யாருக்கு உப்பு கூடாது, யாருக்குப் பல் இல்லை என்று அங்கிள் வியாழக்கிழமையே கேட்டு வந்து சொல்லிவிடுவார். பல் இல்லாதவருக்குச் சாதம் குழைவாக இருக்கும். காலையில் பார்க்கிங் வரைக்கும் வந்து பைகளை ஏற்றிக் கொடுத்துவிட்டு ஆன்ட்டி நடந்தே வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஆறு வருஷம் அந்தச் சாப்பாடு கடலைப் பார்த்தது. சமைத்தவர் பார்க்கவில்லை. சீட்டு இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவருடைய அப்பா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்.

சாயந்திரம் அங்கிள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போது ஆன்ட்டி காபியைக் கொடுத்துவிட்டுக் கேட்பாராம்: “இன்னைக்குத் தீவு தெரிஞ்சுதுங்களா?”

“தெரிஞ்சுது” என்பார். இல்லாவிட்டால் “மூடல்” என்பார். ஆறு வருஷமாக அவர் அதை வானிலை விசாரிப்பு என்றே நினைத்திருந்தார். வேனில் யாராவது “மத்தவாளெல்லாம் படி இறங்கறாளா?” என்று கேட்டால், அவருக்கு இறங்க ஆசை என்று சட்டென்று புரிந்துகொண்டு கையைப் பிடித்து அழைத்துப் போகிற மனுஷன். ஊரார் வீட்டுப் பெரியவர்களின் வாயிலிருந்து வராத வார்த்தையெல்லாம் அவருக்குக் கேட்கும். சமையலறையிலிருந்து வந்தது மட்டும் கேட்கவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபரில் என் அப்பா இங்கே இருந்தார். அம்மா போனபிறகு முதல் தடவையாக வந்திருந்தார். கடைசி மூன்று வாரம் எனக்கு ஆபீஸில் ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை. அவரை எங்கேயும் அழைத்துப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை ஃப்ளைட். வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீரென்று குற்ற உணர்ச்சி வந்து அங்கிளுக்கு ஃபோன் பண்ணினேன்.

“அங்கிள், அப்பா ட்யூஸ்டே கிளம்பறார். நாளைக்கு எப்படியாவது ஒரு சீட் அட்ஜஸ்ட் பண்ணுங்க, ப்ளீஸ். வீட்லயே போட்டு வெச்சிருக்கேன், ரொம்ப கில்ட்டியா இருக்கு.”

“இந்த வாரம் ஃபுல்லுங்க அம்மிணி. பதினாலாவது சீட்டு நம்ம வீட்டுல...” என்று இழுத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஏனுங்க, அவங்க ஊருக்குப் போறவங்க. நான் இங்கதானே இருக்கிறேன், எப்ப வேணாலும் போயிக்கலாம். பரவால்லீங்க.”

அந்த வார்த்தை என் காதிலும் விழுந்தது. அவர் காதிலும் விழுந்தது. தடை வேனுக்குள் மட்டும்தான் போலிருக்கிறது. “சரிங்க அம்மிணி, அப்பாவை ஏழு மணிக்குக் கூட்டிட்டு வந்துருங்க” என்றார். நான் தேங்க்யூ சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போனேன்.

மறுநாள் காலை பார்க்கிங்கில் கண்மணி ஆன்ட்டி பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். புடவைக்கு மேல் தடியான ஜாக்கெட். காலில் பளிச்சென்று புது ஸ்போர்ட்ஸ் ஷூ. காதை மூடி ஸ்கார்ஃப். கடலுக்குப் போக எடுத்து வைத்திருந்ததையே அவர் உடுத்தி வந்திருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

“என்ன ஆன்ட்டி, வாக்கிங்கா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க, அப்படியே” என்று சிரித்தார்.

அன்றைக்குத் தீவு பளிச்சென்று தெரிந்தது. அப்பா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசினார். அம்மா இருந்திருந்தால் காட்டியிருக்கலாம் என்றார். எலுமிச்சை சாதம் அம்மா கை மாதிரி இருந்தது என்றார். நான் மனசுக்குள் ‘வேலை முடிந்தது’ என்று டிக் அடித்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஆன்ட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மாடிப்படி ஏற முடியவில்லை. முதலில் ஆஸ்துமா என்றார்கள், அப்புறம் இதயம் என்றார்கள். ரத்தத்தை வெளியே தள்ளுகிற சக்தி கால்வாசிகூட இல்லையாம். எத்தனை நாளாக இப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டதற்கு ஆன்ட்டி என்ன பதில் சொன்னார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு வார்த்தையை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று அங்கிள் திணறினாராம். அன்றோடு வேனை நிறுத்திவிட்டார்.

நான் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது டெக்சஸிலிருந்து மகள் கயல் வந்திருந்தாள். அங்கே ஃபிரிஸ்கோ என்ற ஊரில் வேலை. டைனிங் டேபிளில் பழைய மாதக் காலண்டர்கள் ஆறேழு கிடந்தன. சன்னிவேலில் மளிகைக்கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற காலண்டர். இன்ஷூரன்ஸ் பேப்பர் தேடும்போது அலமாரியில் கிடைத்ததாம். ஒவ்வொரு சனிக்கிழமைக் கட்டத்திலும் பென்சிலால் ஒரே ஓர் எழுத்து. ஒன்று ‘தெ’, அல்லது ‘மூ’.

“தெரிஞ்சுது, மூடல்” என்றார் அங்கிள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “எந்த மாசத்துல அதிகமாத் தெரியுதுன்னு கணக்குப் பாத்து வெச்சிருக்கறாங்க. ஆடி, ஆவணியெல்லாம் மூடல். ஐப்பசிதான் நல்லாத் தெரியுது. அதனாலதான் அந்த வாரம் சீட்டு கேட்டிருக்கறாங்க. ஆறு வருஷத்துல ஒரே ஒரு தடவதானுங்க வாயைத் தொறந்து கேட்டாங்க.”

எந்த வாரம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அந்தப் புது ஷூ ஞாபகம் வந்துவிட்டது. வாக்கிங்கா என்று கேட்ட வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

சோபாவில் சாய்ந்திருந்த ஆன்ட்டியிடம் கயல் கோபமாகக் கேட்டாள். “வொய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஆஸ்க் ஹிம், அம்மா?”

“கேட்டுட்டுத்தானே கண்ணு இருந்தேன்” என்றார் ஆன்ட்டி. “வாராவாரம் கேட்டேனே.”

கயலுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. அங்கிள் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே பேச்சுதான், ஐப்பசி. அங்கிள் மார்ச்சிலேயே போகலாம் என்றார். அப்போது ஆன்ட்டியால் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. ஜூனில் கொஞ்சம் தேறினார்; ஆனால் ஜூனில் கடலே தெரியாது, அவருடைய காலண்டரே சொன்னது. அக்டோபர் வரைக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அவ்வளவு தூரம், சிக்னல் இல்லாத இடம், வேண்டாம் என்றுகூடச் சொன்னார். “வேண்டாம்னு நீங்க சொல்றீங்க, சரி. அவங்க வேணும்ங்கறாங்க” என்று அங்கிள் சண்டை போட்டார். அவர் ஒருவருடன் சண்டை போட்டதை நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அக்டோபர் முதல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் போயிற்று. அந்த இரண்டு சனிக்கிழமையும் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்தே தெரிந்தது. மூன்றாவது சனிக்கிழமை போவது என்று முடிவானது. ஆக்சிஜன் மெஷினைத் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன் என்றேன். அங்கிள் வேண்டாமென்று சொல்லவில்லை. நான் ஏன் வருகிறேன் என்று அவருக்கும் தெரியும்.

பதினாலு சீட்டு வேனில் மூன்று பேர் போனோம். ஆன்ட்டி டிரைவருக்குப் பக்கத்தில். காலில் அந்த ஷூ. அடிப்பக்கம் இன்னும் அழுக்காகவில்லை. எலுமிச்சை சாதத்தை அங்கிளே கட்டியிருந்தார், உப்பு இல்லாமல், கட்டி கட்டியாக. பாலத்தின்மேல் போகும்போது வெயில் அடித்தது. சைப்ரஸ் பாதையிலும் வெயில். மாடுகள் மேய்கிற மேட்டில் ஏறும்போது எதிரே வெள்ளையாக ஒரு சுவர் நின்றது. அங்கிள் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

உடம்பு முடியாதவர்களின் வண்டியை மேலேவரை விடுவார்கள். வீல்சேரில் உட்காரவைத்து, படி ஆரம்பிக்கிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனோம். படியில் இருபது எண்ணலாம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. லைட்ஹவுஸ் இல்லை, கடல் இல்லை, சத்தம் மட்டும் வந்தது. வந்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். மத்தியானம் விலகலாம் என்று ஒரு ரேஞ்சர் சொன்னார். வேனில் வருகிறவர்களிடம் ஒருநாளும் பொய் நம்பிக்கை கொடுக்காத அங்கிள், “இன்னும் பத்தே நிமிஷம் கண்மணி” என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியே மூன்று மணி நேரம் போயிற்று. ஆன்ட்டியின் விரல் நுனி நீலமாகிக்கொண்டு வந்தது. மெஷினின் பேட்டரியைப் பார்த்தேன். அங்கிளும் பார்த்தார்.

அவர் வீல்சேருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். “என்ற தப்பு கண்மணி” என்றார். “எத்தனையோ பேரக் கூட்டியாந்தேன். உன்னயத்தான் கூட்டியாரலை.” அறுபது தாண்டிய மனுஷன் ரோட்டில் உட்கார்ந்து அழுகிறார். நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆன்ட்டியின் சீட்டில் வந்து போனது என் அப்பா என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

ஆன்ட்டி கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு, மெல்லக் கையைத் தூக்கிப் பனிக்குள் நீட்டினார்.

“ஏனுங்க, அதா, தெரியுதுங்களே.”

அங்கிள் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. தீவு இருப்பது தெற்கே. ஆன்ட்டியின் கை நீண்டிருந்தது மேற்கே. அந்தப் பக்கம் ஜப்பான் வரைக்கும் தண்ணீர்தான். எத்தனையோ சனிக்கிழமை அதே இடத்தில் நின்று, தப்பான பக்கம் பார்க்கிறவர்களின் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டவர் அங்கிள். இப்போது திருப்பவில்லை.

“ஆமா கண்மணி” என்றார். “அதேதான். நல்லாத் தெரியுது.”

“சின்னதாத்தான் இருக்குதுங்க” என்றார் ஆன்ட்டி. “சரி, போலாமுங்க. உங்களுக்குக் குளிருது.”

திரும்பி வரும்போது வண்டியில் தூங்கிவிட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து கயல் டெக்சஸுக்குத் திரும்பின பிறகு, ஒரு மத்தியானம் அன்றைக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போன சம்படத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என் வீட்டிலேயே தங்கிவிட்டிருந்தது. அங்கிள் கதவைத் திறந்து, சம்படத்தை வாங்கி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“அவங்க கையக் காட்டுனது மேக்கால” என்றார். “தீவு தெக்கால. உங்களுக்கும் தெரியுமுங்களே. சாகப்போறவகிட்ட ஆமா ஆமான்னு பொய் சொல்லி ஏமாத்திப்போட்டேன்னு நாளெல்லாம் அதே நெனப்புங்க. தீவப் பாத்துட்டோம்னு நெனச்சுட்டே போயிட்டா, அது போதும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.”

சம்படத்தை டேபிளில் வைத்துவிட்டு, சமையலறை ஆணியில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வந்தார். அக்டோபரைத் திருப்பினார். மூன்றாவது சனிக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தார். எழுத்தின் பென்சில் கோடு கட்டத்துக்கு வெளியே இழுத்திருந்தது.

‘மூ’.

“இதை நேத்துத்தான் பாத்தேனுங்க” என்றார். “வீட்டுக்கு வந்து எழுதியிருக்கறாங்க. நான் அழுவறேன்னுதான், தீவு தெரியுதுன்னு சொல்லியிருக்கறாங்க. கடைசியா ஆசைப்பட்டுக் கூட்டிட்டுப் போன எடத்துலயும் எனக்காகத்தானுங்க பாத்தாங்க.”

எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன். பழக்கதோஷம், அந்த வார்த்தைதான் வந்தது.

“பரவாயில்ல அங்கிள்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. வேனில் பின்னால் திரும்பிச் சொல்வாரே, அதே நிதானமான குரலில் சொன்னார்.

“இருக்குதுங்க அம்மிணி. பரவா இருக்குதுங்க.”